பத்தாங்கட்டையில் ஓர் அந்நியோந்நியம்

புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு நாங்கள் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022 கடைசியில் ஒரு புதன்கிழமை மாலை, வேலை முடிந்து வரும்போது, எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். வட்ட மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டில் நிலக்கடலை, பாக்கெட் பானம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குப் பழகிய காட்சிதான். யாரோ ஒரு சீன முதியவர் என்று நினைத்துக்கொண்டு மின்தூக்கியை நோக்கி நடந்தேன். தூணில் ஒட்டியிருந்த வழிகாட்டும் தாள் கண்ணில் பட்டது. மேலே ஒரு சிலுவை. கீழே தமிழில் ஒரு பெயர்.

பெயரைப் பார்த்து எனக்கு ஆளைத் தெரியவில்லை. படத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எங்களுக்கு இரண்டு மாடி கீழே இருந்தவர். காலையில் நான் ஓடிவந்தால் மின்தூக்கியின் கதவை மூடவிடாமல் விரலால் பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பார். நான் "தேங்க்யூ அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்ப்பேன். அவ்வளவுதான் எங்கள் நான்கு ஆண்டுப் பழக்கம். அவர் தமிழர் என்பதுகூட எனக்கு உறுதியாகத் தெரியாது. மலையாளியாக இருக்கலாம் என்று எப்போதோ நினைத்ததாக ஞாபகம்.

மறுநாள் இரவு மனைவியோடும் மகளோடும் கீழே போனேன். ஜெபமாலை முடிந்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த உறவுக்காரப் பெண்ணிடம் சொன்னார்: "இதுதாம்மா மேல் வீட்டுப் பாட்டுக்காரத் தம்பி."

எனக்குப் புரியவில்லை. பாட்டியே விளக்கினார். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கிருமி முறியடிப்புத் திட்டம் தொடங்கி எல்லாரும் வீட்டில் அடைபட்டோம் அல்லவா? அந்த 12ஆம் தேதி ஈஸ்டர். கோயில்கள் பூட்டியிருந்தன. எங்கள் வீட்டில் கணினித் திரையில் ஆராதனை ஓடியது. முடிந்த பிறகு ஏதோ குறையாக இருந்ததால் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் மூவரும் மூன்று கீர்த்தனைகள் பாடினோம். அது எனக்கே மறந்துபோயிருந்தது. இரண்டு மாடி கீழே, தாத்தா நாற்காலியைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறார். "நம்ம ஆளுங்க மேல இருக்காங்க" என்று பாட்டியிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சன்னலைத் திறந்து வைத்தாராம்.

"ஏன் பாட்டி, தாத்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க எப்பவும் போன் பார்த்துக்கிட்டே இருப்பீங்க தம்பி. வேலை ஆளு, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு சொல்லுவாரு."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் சுருக்கென்று இருந்தது.

புக்கிட் பாஞ்சாங்கை அறியாதவர்களுக்காக: இது தீவின் வடமேற்கில் இருக்கும் வட்டாரம். மலாயில் 'நீண்ட குன்று' என்று பொருள். பழைய ஆட்கள் இதைப் பத்தாங்கட்டை என்பார்கள். நகரத்திலிருந்து புக்கிட் தீமா சாலையில் பத்தாவது மைல்கல் இங்கேதான் இருந்தது. சிங்கப்பூரின் முதல் இலகு ரயில் 1999 நவம்பர் 6ஆம் தேதி இங்கேதான் ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் இல்லாத, ரப்பர் சக்கரம் வைத்த சிறிய பெட்டி. வீவக வீடுகளுக்கு மிக அருகில் வளைந்து செல்லும். அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காக, புளோக்குகளை நெருங்கும்போது அதன் கண்ணாடிகள் தாமாகவே பால் போல வெளுத்துவிடும். கடந்ததும் தெளிந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது என் மகள் கைதட்டினாள். நிலையப் பெயர்களும் அழகு. ஃபஜார் என்றால் விடியல், செஞ்சா என்றால் அந்திப்பொழுது, பெத்திர் என்றால் மின்னல். விடியலில் ஏறி அந்தியில் இறங்கலாம். நடுவே சில நிமிடங்கள்தான்.

நான் பாளையங்கோட்டைக்காரன். ஊசிக்கோபுரத்தின் மணி கேட்டு எழுந்து பழகியவன். கிறிஸ்தவ ஐக்கியம் என்பது எங்கள் ஊரில் யாரும் தேடிப் போகிற விஷயம் அல்ல. அது வந்து கதவைத் தட்டும். டிசம்பர் வந்தால் நள்ளிரவில் கேரல் பாடிக்கொண்டு வருவார்கள். தூங்குவது போல நடித்தாலும் விடமாட்டார்கள். அசனப் பண்டிகையில் ஊரே தரையில் உட்கார்ந்து ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடும். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது ஆலய வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும். சில நேரம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

சிங்கப்பூரில் அப்படி இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். இந்தியர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர். எண்ணிக்கை குறைவில்லை. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. 1989ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவரும் இத்தனை விழுக்காடுதான் என்று வரம்பு வைத்தது. தமிழ்த் தெரு, தமிழ்ப் பேட்டை என்று ஒன்று உருவாகக்கூடாது என்பதும், எல்லாரும் கலந்து வாழவேண்டும் என்பதும் நோக்கம். அது நல்லதென்றே நான் நினைக்கிறேன். என் மகளின் தோழிகளைப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவன் ஒருவனுக்கு அதன் பொருள் என்ன? பக்கத்து வீட்டில் தன் மொழியில் ஜெபிக்கிற இன்னொருவர் இருப்பதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் தெரியாது, எனக்குத் தெரியாமல் போனது போல.

அதனால் தமிழ் ஆராதனைக்கு நகரத்துக்குப் போகவேண்டும். ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை, டோர்செட் ரோட்டில் ஆங்கிலிக்கன் கிறைஸ்ட் சர்ச், ஆஃபிர் ரோட்டில் கத்தோலிக்கர்களின் லூர்து மாதா கோயில். எல்லாம் லிட்டில் இந்தியாவையும் அதன் ஓரங்களையும் ஒட்டியவை. இவற்றில் லூர்து மாதா கோயிலின் கதை எனக்குப் பிடித்தமானது. அதற்கு முன்பு தமிழ்க் கத்தோலிக்கர்கள் குவீன் ஸ்திரீட்டில் உள்ள பேதுரு, பவுல் தேவாலயத்தைச் சீனக் கத்தோலிக்கர்களோடு பகிர்ந்துகொண்டிருந்தார்கள். தமிழர்களுக்கென்று ஒரு கோயில் வேண்டும் என்று முன்னின்றவர் மெனுவ்ரியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 1886ல் அடிக்கல் நாட்டி 1888ல் திறந்தார்கள். பிரான்சின் லூர்து நகரப் பேராலயத்தை மனத்தில் வைத்துக் கட்டியது. 2005ல் தேசிய நினைவுச் சின்னமானது.

2015 டிசம்பர் 27ஆம் தேதி டௌன்டவுன் பாதையின் இரண்டாம் கட்டம் திறந்த பிறகு, புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கும் ரோச்சோருக்கும் ஒரே ரயில். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய வசதி. பாட்டிக்கு அல்ல. அவரும் தாத்தாவும் அப்பர் புக்கிட் தீமா ரோட்டில் 170ஆம் எண் பேருந்தில் ஏறி, குவீன் ஸ்திரீட்டில் இறங்கி, கோயிலுக்கு நடந்து போனவர்கள். படியும் மின்படியும் மாறி மாறி வரும் சுரங்க நிலையத்தில் தனியாகப் போகப் பயம். தாத்தா போன பிறகு பேருந்தும் நின்றது. ஞாயிறு பூசை தொலைக்காட்சிப் பெட்டிக்குள் போய்விட்டது.

அடக்கம் சுவா சூ காங் கல்லறையில். சிங்கப்பூரில் புதிதாக உடல் அடக்கம் செய்ய அந்த ஓர் இடம்தான். 15 ஆண்டுகளுக்குப் பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். ஊரில் பாட்டனாரின் பாட்டனார் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துப் பழகிய எனக்கு அதைக் கேட்டபோது ஒரு மாதிரி இருந்தது. பாட்டி சாதாரணமாகச் சொன்னார்: "அதுக்குள்ள நானும் போயிடுவேன் தம்பி. ரெண்டு பேரையும் சேர்த்து வைப்பாங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை என் மனைவி ஒரு பாத்திரத்தில் இடியாப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு கீழே போனாள். நான் பின்னால் போனேன். திட்டம் எதுவும் இல்லை. சாப்பிட்டு முடிந்ததும் பாட்டி, "ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்றார். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

நாங்கள் சி.எஸ்.ஐ. பின்னணி; இங்கே மெதடிஸ்ட் சபைக்குப் போகிறவர்கள். பாட்டி ஆர்.சி. ஒரே வேதம், ஒரே மொழி, ஆனால் இரண்டு அகராதி. நாங்கள் ஆராதனை என்பதை அவர் பூசை என்பார். எங்களுக்குச் சபை, அவருக்குக் கோயில். எங்கள் ஊரில் போதகரை ஐயர் என்போம்; பாட்டி அதைக் கேட்டுச் சிரித்தே விட்டார். அவருக்குச் சாமியார். நாங்கள் ஜெபத்துக்கு 'ஜ' போட்டால் அவருடைய புத்தகத்தில் 'செபம்'. கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைச் சேர்ந்து சொல்லலாம் என்று ஆரம்பித்தால், முதல் வரியிலேயே ஆளுக்கொரு வார்த்தையில் போய், நடுவில் முட்டி நின்றோம். என் மகள் ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவைத்தாள்.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். ஊரில் இது சிரிக்கிற விஷயம் அல்ல. ஆர்.சி. வீட்டில் பெண் எடுத்ததற்காகப் பத்து வருடம் பேசாமல் இருந்த குடும்பம் எங்கள் உறவிலேயே உண்டு. இன்னொன்றும் சொல்லவேண்டும். ஊரில் புதிய கிறிஸ்தவர் ஒருவரைச் சந்தித்தால் எந்த ஊர் என்பது முதல் கேள்வி. எந்தத் தெரு என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்வி எதற்கு என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பாட்டி முதல் கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். சிங்கப்பூரிலேயே பிறந்தவர் என்பதால் இரண்டாவது கேள்வி தெரியாதோ, தெரிந்தும் கேட்கவில்லையோ. நானும் கேட்கவில்லை.

சில வாரங்களில் ஓர் ஒழுங்கு தானாக வந்தது. பாட்டி ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்வார். நாங்கள் கூடச் சொல்லமாட்டோம், அமைதியாக இருப்போம். எனக்கு முதலில் அது நெருடலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு நாங்கள் ஒரு சங்கீதம் வாசிப்போம். கடைசியில் கீர்த்தனை. அதில் மட்டும் தகராறே இல்லை. செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவராம் தாத்தா. அங்கே பக்கத்து வீட்டு மெதடிஸ்ட் பையன்களோடு சேர்ந்து தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடக் கற்றிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு பாட்டிக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஏப்ரல் ஈஸ்டரில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டதற்குக் காரணம் அதுதான்.

தமிழ் வேதாகமத்தில் எனக்கு நெடுநாளாகப் பிடித்த ஒரு சொல் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகளில், ஆதிச் சபையார் வீடுகளில் கூடி அப்பம் பிட்ட பகுதியில் வருவது. கிரேக்கத்தில் 'கொய்னோனியா'. மற்றப் பல இடங்களில் ஐக்கியம் என்று மொழிபெயர்த்தவர்கள், அந்த இடத்தில் 'அந்நியோந்நியம்' என்று வைத்தார்கள். கணவன் மனைவிக்குச் சொல்கிற வார்த்தை! ஐக்கியம் என்றால் சங்கம், தேர்தல், பொருளாளர் எல்லாம் நினைவுக்கு வருகிறது. அந்நியோந்நியம் என்றால் இடியாப்பப் பாத்திரம் நினைவுக்கு வருகிறது.

எங்கள் செவ்வாய்க்கிழமை பெரிதாக வளர்ந்துவிடவில்லை. வந்தவர்களைச் சொல்கிறேன். பாட்டி வீட்டுக்கு எதிர்வீட்டில் வேலை செய்யும் பிலிப்பினோ பெண். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஜெபமாலையில் எந்த மணியில் இருக்கிறோம் என்பது மட்டும் எங்களைவிட நன்றாகத் தெரியும். எட்டாம் மாடிச் சீன அங்கிள், புனித சூசையப்பர் தேவாலயத்துக்குப் போகிறவர். ஒரு நாள் மின்தூக்கியில் பாட்டியின் கையில் ஜெபமாலையைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். இங்கே அவருடைய கோயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். அப்பர் புக்கிட் தீமா ரோட்டில், எங்களிடமிருந்து கொஞ்ச தூரம்தான். 1846ல் மோதுயி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தொடங்கியது. அப்போது இந்தப் பக்கமெல்லாம் காடு. கம்பீர், மிளகுத் தோட்டங்களில் வேலை செய்த தியோச்சூ சீனர்கள்தான் மக்கள். கிறிஸ்தவர்களான தோட்டக்காரர்கள் ரகசியக் கும்பல்களில் சேராமல் விலகி நின்றதால், 1851ல் அவர்கள்மீது பெரும் தாக்குதல் நடந்தது. 500க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. தினமும் அந்த வழியாகப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த எனக்கு அந்த அங்கிள் சொல்லித்தான் தெரியும். சொல்லிவிட்டு, "லாங் டைம் அகோ லா" என்று காப்பியை உறிஞ்சினார்.

மூன்றாவது, தூத்துக்குடிப் பையன். கட்டுமான வேலை, ஞாயிறு மட்டும் விடுமுறை. புக்கிட் பாஞ்சாங் பேருந்து முனையத்தில் 170 எங்கே நிற்கும் என்று என் மனைவியிடம் கேட்டவன். கழுத்தில் மாதா பதக்கம் இருந்ததால் எங்கே போகிறாய் தம்பி என்று விசாரித்திருக்கிறாள். அவன் செவ்வாய்க்கிழமைகளில் வரமுடியாது. ஆனால் ஆகஸ்ட் 5 ஞாயிறாக இல்லாத ஒரு வருடம், வேலை முடிந்து அழுக்குச் சட்டையோடு இரவு ஒன்பது மணிக்கு வந்தான். அன்று பனிமய மாதா திருவிழா. ஊரில் அம்மா கைப்பேசியில் கூட்டத்தையும் விளக்கையும் காட்ட, பாட்டி வீட்டுச் சோபாவின் நுனியில் உட்கார்ந்து பார்த்தான். சட்டையில் சிமென்ட் இருக்கிறது என்று சோபாவில் சாய மறுத்துவிட்டான். பாட்டி மீன்குழம்பு வைத்திருந்தார். சாப்பிடும்போது அவன் அழுதான். நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை. பாட்டி இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

ஒரு தடவை புகார் வந்தது. பாட்டுச் சத்தம் என்று யாரோ ஒரு துண்டுத்தாளைக் கதவிடுக்கில் செருகியிருந்தார்கள். யார் என்று தேடவில்லை. தேடினால் கெட்டுவிடும். குழந்தைகள் தூங்கும் நேரமாக இருக்கலாம். கொஞ்ச நாள் கீழ்த்தளத்துக் கல்மேசையில் உட்கார்ந்தோம். அது எல்லாருக்கும் பொதுவான இடம், அங்கே ஜெபமும் பாட்டும் சரியாகப் படவில்லை, பேச்சும் பலகாரமும்தான். அந்த வாரங்களில்தான் எங்கள் மாடி மலாய் அக்கா கூட வந்து உட்கார ஆரம்பித்தார். ரமலானில் நோன்பு திறக்கும் நேரத்தில் பாட்டிக்குக் கஞ்சி அனுப்புபவர் அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. எத்தனை வருடமாக என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த நான்கும் அதில் அடக்கம்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு பாட்டியை நாங்கள் லூர்து மாதா கோயிலுக்குக் கூட்டிப்போகிறோம். ரோச்சோரில் இறங்கி மெதுவாக நடக்கவேண்டும். மின்படியில் ஏறும்போது என் மகளின் தோளைப் பிடித்துக்கொள்வார். அவரைத் தமிழ்ப் பூசையில் உட்காரவைத்துவிட்டு ஷார்ட் ஸ்திரீட்டுக்கு ஓடினால் எங்களுக்குப் பாதி ஆராதனை போயிருக்கும். கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு போய் உட்காருவோம். போன மாதம் ஓடவில்லை. நாங்களும் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். நற்கருணை வாங்க எழுந்த பாட்டி எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த வரிசையில் நாங்கள் போக முடியாது என்பது அவருக்கும் தெரியும். திரும்பி வந்தவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பூசை முடியும்வரை விடவில்லை.

பிறகு தேக்கா சந்தை. பாட்டிக்கு மீன் அங்கேதான் வாங்கவேண்டும்; எங்கள் பக்கத்துச் சந்தை மீன் அவருக்கு மீனே இல்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, கடைக்காரரிடம் மலாயில் சண்டை போட்டு, இரண்டு வெள்ளி குறைத்துத்தான் வாங்கினார். புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி, பெத்திர் வழியாகப் போகும் இலகு ரயிலில் ஏறினோம். பெண்டிங், பங்கிட். மகள் பாட்டியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கண்ணாடி வெளுக்க ஆரம்பித்ததும் பாட்டி அவளைத் தட்டினார்.

"எழுந்திரும்மா. நம்ம புளோக்கு வந்திடுச்சு."

வெளியே எதுவும் தெரியவில்லை. நான் மீன் பையை எடுத்துக்கொண்டேன்.